கண்ணில் பறக்கும் பூச்சி: பனிமூட்டத்தில் மட்டும் ஏன் தெரிகிறது?

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் மேகம் இறங்கி எதிர்மலை முழுக்க மறைந்துவிட்ட நேரத்தில் ஜன்னல் வழியே அந்த வெண்மையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பலருக்கும் அதில் ஏதோ ஒன்று நகர்வது தெரியும். ஒரு துண்டு நூல், சிறு சங்கிலி, கண்ணாடிப் புழு, விளிம்பு மட்டும் கறுத்த குட்டி வட்டம் என்று ஆளுக்கொரு வடிவம். உற்றுப் பார்க்கப் போனால் நழுவி ஓடும். பார்வையை நிறுத்தினால் மெல்ல மிதந்து திரும்பி வரும். கண்ணில் பூச்சி பறக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். மருத்துவர்கள் ஃப்ளோட்டர்ஸ் என்பார்கள்.

மலைக்கு வந்த பிறகுதான் இது ஆரம்பித்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. குளிர், பனி, உயரம் மூன்றின் மீதும் பழி விழும். மூன்றுக்கும் இதில் பங்கில்லை. சாதாரணக் கண்ணுக்குள் காற்று கிடையாது. முழுக்க நீரும் கூழும்தான். அதனால் மேட்டுப்பாளையத்திலிருந்து தொட்டபெட்டாவின் 2,637 மீட்டர் உச்சிவரை ஏறினாலும் காற்றழுத்தம் குறைவதால் கண்ணுக்குள் எதுவும் பிய்வதோ மிதப்பதோ இல்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பதைப் பனிமூட்டம் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். எப்படிக் காட்டுகிறது என்பது பிடிபட்டால், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம், எதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதும் பிடிபடும்.

பசி மயக்கத்திலும், உட்கார்ந்தவர் சட்டென்று எழும்போதும் ‘பூச்சி பறப்பது’ வேறு சங்கதி. அது ரத்த ஓட்டம் சில விநாடி குறைவதால் வருவது. இரண்டு கண்ணிலும் ஒன்றாக வந்து சீக்கிரமே போய்விடும். இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல.

பூச்சி இருக்கும் இடம்

கண் உருண்டை முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மி.மீ. நீளம். முன்னால் கருவிழி, அதன் நடுவில் ஒளி நுழையும் பாவை, பாவைக்குப் பின்னால் லென்ஸ். லென்சுக்கும் கடைசியில் உள்ள விழித்திரைக்கும் இடைப்பட்ட பெரிய அறை முழுவதையும் நிறமில்லாத, தெளிந்த ஒரு கூழ் நிரப்பியிருக்கிறது. அதன் பெயர் விட்ரியஸ். அளவு சுமார் 4 மி.லி. ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் கண்ணின் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அதுவே.

விட்ரியஸில் 98 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கூழாகக் கட்டி நிறுத்துவது இரண்டு பொருட்கள்: கொலாஜன் எனும் மிக மெல்லிய புரத இழைகள், அவற்றுக்கு நடுவே நீரைப் பிடித்துவைக்கும் ஹயலுரானிக் அமிலம். இழைகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும்வரை ஒளி தடையில்லாமல் கடந்து போகும். காலப்போக்கில் கூழின் கட்டு குலைந்து ஆங்காங்கே நீர்க்குட்டைகள் உண்டாகின்றன. தாங்குதல் இழந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகித் திரள்கின்றன. இந்தத் திரள்தான் பூச்சி.

இது முதுமையில் மட்டும் நடப்பதல்ல. இளமையிலேயே மெதுவாகத் தொடங்கிவிடுகிறது. 80, 90 வயதில் கூழில் பாதிக்கு மேல் நீராகியிருக்கும். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அவர்களுடைய கண் உருண்டை இயல்பைவிட நீண்டிருப்பதால் உள்ளே உள்ள கூழ் விரைவில் குலைகிறது. மைனஸ் 6, 7 பவர் கண்ணாடி போடும் இருபது வயதுப் பிள்ளை ‘நூல் தெரிகிறது’ என்று சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சிலருக்குப் பிறவியிலிருந்தே ஒன்றிரண்டு இருக்கும். கரு வளரும்போது லென்சுக்கு ரத்தம் கொண்டுபோக இந்தக் கூழின் ஊடாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. பிறப்பதற்குள் அது சுருங்கி மறைந்துவிட வேண்டும். முழுக்க மறையாமல் எச்சம் தங்கினால் அதுவும் மிதந்துகொண்டிருக்கும்.

விட்ரியஸுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அதனால்தான் அது தெளிவாக இருக்கிறது. அதனாலேயே உள்ளே சேர்ந்த குப்பையை அள்ளிக்கொண்டு போகவும் வழி குறைவு. வந்த பூச்சி கரைவது அரிது. பார்வைப் பாதையை விட்டு விலகித் தங்கிவிடும், அல்லது மூளை அதைச் சட்டை செய்வதை நிறுத்திவிடும். புதிதாக வந்த பெரிய பூச்சி ஒன்று சில வாரம் படாத பாடு படுத்திவிட்டு, சில மாதங்களில் நினைவுபடுத்தினால் மட்டும் தெரிவது இப்படித்தான்.

நாம் பார்ப்பது நிழலை

முக்கியமான இடம் இதுதான். நாம் அந்தத் திரளை நேராகப் பார்ப்பதில்லை. விழித்திரையில் விழும் அதன் நிழலைப் பார்க்கிறோம். சுவரை ஒட்டிக் கையை நீட்டினால் டியூப் லைட் வெளிச்சத்தில் நிழல் கூர்மையாக விழும். கையைச் சுவரிலிருந்து விலக்க விலக்க அது மங்கிக் கரைந்துவிடும். கண்ணுக்குள்ளும் அதே கணக்கு. விழித்திரைக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்னால் மிதப்பவைதான் நன்றாகத் தெரியும். லென்சை ஒட்டி மிதக்கும் சிறு துணுக்கு இருப்பதே நமக்குத் தெரியாது.

நிழலின் கூர்மைக்குப் பாவையின் அளவும் காரணம். இருட்டில் 6 மி.மீ.க்கும் மேல் விரியக்கூடிய பாவை, நல்ல வெளிச்சத்தில் 2 மி.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. ஒளி வரும் வாசல் சிறிதானால் நிழலின் விளிம்பு கூர்மையாகும். விழித்திரைக்கு 1 மி.மீ. முன்னால் ஓர் இழை மிதப்பதாக வைத்துக்கொண்டால், பாவை 6 மி.மீ. இருக்கும்போது நிழலின் மங்கல் ஓரம் ஏறத்தாழ 0.3 மி.மீ. அகலம், 2 மி.மீ. ஆகச் சுருங்கும்போது 0.1 மி.மீ. மட்டுமே. மூன்று மடங்கு துலக்கம். இதோடு பின்னணி ஒரே சீராக இருந்துவிட்டால் நிழலுக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. தேயிலைத் தோட்டத்தையோ கடைவீதியையோ பார்க்கும்போது ஆயிரம் விளிம்புகளுக்கு நடுவே அது தொலைந்துபோகும். பனிமூட்டத்தில் வெளிச்சமும் உண்டு, வடிவம் எதுவும் இல்லை. வெள்ளைச் சுவர், கணினித் திரை, மேகமற்ற வானம் எல்லாம் இதே வகைதான். ஆனால் மூடுபனி கண் திரும்பும் பக்கமெல்லாம் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கெட்டி அட்டை ஒன்றில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள், அரை மி.மீ. போதும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணுக்கு ஓரிரு செ.மீ. முன்னால் துளையைப் பிடித்து, பனிமூட்டத்தையோ வெண்மேகத்தையோ பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திரும்ப வேண்டாம். ஊசித்துளையே இப்போது பாவையின் வேலையைச் செய்வதால், ‘எனக்குப் பூச்சியே கிடையாது’ என்றவர்களுக்கும் நூலும் வளையமும் தெரிய வாய்ப்பிருக்கிறது. கண் சிமிட்டும்போது மேலும் கீழும் சரியும் கோடுகள் கண்ணீர்ப் படலத்தினுடையவை. அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உற்றுப் பார்த்தால் ஓடுவதற்கும் இதுவே காரணம். பூச்சி பார்வையின் நடுப்புள்ளிக்குச் சற்று ஓரத்தில் இருக்கிறது. அதை நடுவுக்குக் கொண்டுவரக் கண்ணைத் திருப்புகிறோம். கண்ணோடு கூழும் திரும்ப, பூச்சி மறுபடி ஓரத்துக்கே போய்விடுகிறது. கண் நின்ற பிறகும் கூழ் சற்று ஆடித்தான் அடங்கும். அந்த ஆட்டத்தையே மிதப்பதாகக் காண்கிறோம். அதன் அளவும் மாறிக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். கையிலுள்ள தாளில் எறும்பளவு தெரிந்தது, பள்ளத்தாக்கின் பனியில் காக்கை அளவு தெரியும். நிழல் ஒன்றேதான்; பின்னணி எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து மூளை அளவைக் கூட்டிக் குறைக்கிறது.

இந்த ஆட்டத்தை வைத்தே மற்றவற்றைப் பிரித்துவிடலாம். கண்ணை இடம் வலமாகச் சட்டென்று ஆட்டி நிறுத்துங்கள். நின்ற பிறகும் மிதந்தால் ஃப்ளோட்டர். கண்ணோடு அப்படியே திரும்பி, கண் நின்றதும் தானும் நின்றால் லென்சில் உள்ள புரைப்புள்ளியாகவோ, விழித்திரையிலேயே உள்ள குறையாகவோ இருக்கலாம். பார்வையின் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் கறையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிமிட்டினால் இடம் மாறுவதும் மறைவதும் கண்ணீரிலுள்ள சளி இழை. குளிர்காற்றில் கண் உலர்ந்து நீர் வடியும் நாட்களில் மலையில் இது சகஜம்.

இன்னொன்றும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலைகளில் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். அதைப் பார்க்கும்போது பொடிப்பொடியாக ஒளிப்புள்ளிகள் வளைந்து நெளிந்து ஓடி, ஒரு விநாடிக்குள் மறையும். அவை ஃப்ளோட்டர் அல்ல. விழித்திரையின் நுண்குழாய்களில் ஓடும் வெள்ளை அணுக்கள். சிவப்பணு நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, வெள்ளை அணு விட்டுவிடுகிறது. அது கடந்து போகும் இடம் ஒளிப்புள்ளியாகத் தெரிகிறது. நாடித்துடிப்புக்கு ஏற்ப அதன் வேகம் ஏறி இறங்குவதைக் கூர்ந்து பார்த்தால் கவனிக்கலாம். நல்ல கண்ணின் அடையாளம். மருந்து தேட வேண்டாம்.

கூழ் விழித்திரையை விட்டு விலகும் நாள்

50 வயதைத் தாண்டிய பலருக்கு ஒருநாள் திடீரென்று பெரிய பூச்சி ஒன்று வந்து சேரும். நீராகிப்போன கூழ் சுருங்கி, விழித்திரையிலிருந்து பின்பக்கமாகப் பிரிவதால் வருவது இது. கூழ் சில இடங்களில் விழித்திரையோடு கெட்டியாக ஒட்டியிருக்கும்: பார்வை நரம்பு தொடங்கும் வட்டத்தைச் சுற்றி, பார்வை மையத்தில், பெரிய ரத்தக்குழாய்களின் மேல், முன்பக்க ஓரத்தில். நரம்பு வட்டத்திலிருந்து பிய்ந்து வரும்போது அந்த இடத்து இழைகள் வளையமாகவே கழன்று வரும். ‘மோதிரம் மாதிரி ஒன்று பறக்கிறது’ என்று சொல்வார்கள். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் கண்புரை அறுவை முடிந்தவர்களுக்கும் இது முன்கூட்டியே வரும். ஒரு கண்ணில் வந்தால் மற்றக் கண்ணிலும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும்.

பிரிகிறபோது கூழ் விழித்திரையைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. எப்படித் தொட்டாலும் ஒளி என்றே மூளைக்குச் சொல்லும். அதனால் பக்கவாட்டில் மின்னல் வெட்டியது போல ஒரு கீற்று. கரண்ட் போன இரவில் கண்ணைத் திருப்பும்போது இது நன்றாகத் தெரியும்.

பெரும்பாலோருக்கு இதெல்லாம் சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் கூழ் பிடியை விடாமல் இழுத்த இடத்தில் விழித்திரையே கிழிந்துவிடுவதும் உண்டு. திடீர்ப் பூச்சியோ மின்னலோ என்று வந்து, கூழ் விலகியிருப்பது உறுதியானவர்களில் ஏறத்தாழ 100க்கு 10 முதல் 15 பேரிடம் கிழிசல் காணப்படுகிறது. கிழிசல் வழியே நீர் புகுந்து பின்னால் சேர்ந்தால் விழித்திரை சுவரிலிருந்து உரிந்துபோகும். கிழிசல்தான் உரிதலுக்கு மூலம் என்பதையும், அதை அடைத்தால்தான் கண் பிழைக்கும் என்பதையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் ஜூல் கோனன் நிலைநாட்டினார். அதற்கு முன் விழித்திரை விலகல் என்றால் பார்வை போனது போனதுதான்.

ஆகவே ஆண்டுக்கணக்காகப் பழகிய இரண்டு நூல்களைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம். மாற்றம்தான் எச்சரிக்கை. ஒரே நாளில் புள்ளிகள் மழை போலக் கொட்டுவது, புகையோ கரியோ தூவியது போலத் தெரிவது, புதிதாக மின்னல், பார்வையின் ஓரத்தில் திரை இறங்குவது போன்ற நிழல், திடீர் மங்கல், அடிபட்ட பிறகு வந்த பூச்சி: இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே பார்க்க வேண்டும். வலி இல்லையே என்று காத்திருப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் கெடுதல். பார்வையின் மையம் உரிவதற்கு முன் போகிறவருக்கும், உரிந்து சில நாள் கழித்துப் போகிறவருக்கும் கிடைக்கும் பார்வையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் புகை மாதிரித் தெரிவது கண்ணுக்குள் ரத்தம் கசிவதாகவும் இருக்கலாம். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, கூடவே பூச்சியும் பறந்தால் உள்ளே அழற்சி. அதற்கும் தாமதம் கூடாது.

போவதற்கு முன் ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து பாருங்கள். எந்தக் கண், எப்போது தொடங்கியது, மின்னல் எந்தப் பக்கம், நிழல் மேலிருந்தா கீழிருந்தா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் இவையே.

பரிசோதனையும் வைத்தியமும்

பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். விரிய 20 முதல் 30 நிமிடம். பிறகு தலையில் மாட்டிய விளக்கும் கையில் ஒரு லென்சுமாக விழித்திரையின் ஓரம்வரை பார்ப்பார்கள்; ஓரம் நன்றாகத் தெரிய இமைமேல் லேசாக அழுத்துவதும் உண்டு. ரத்தம் மறைத்தால் ஸ்கேன். பாவை விரிக்காமல் ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிட்டால் திருப்திப்பட வேண்டாம். கிழிசல் வருவது பெரும்பாலும் ஓரத்தில்தான்.

மருந்தின் வேகம் அடங்க 4 முதல் 6 மணி நேரம் ஆகும். அதுவரை கிட்டத்தில் இருப்பது மங்கும், வெளிச்சம் கூசும். எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் பூதாகரமாகத் தெரியும் நிலையில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை நீங்களே ஓட்டி இறங்க நினைக்காதீர்கள். துணைக்கு ஆள், கறுப்புக் கண்ணாடி, திரும்பிவரப் பஸ் அல்லது வாடகை வண்டி. கிழிசல் இல்லை என்று சொன்னாலும் 4 முதல் 6 வாரத்தில் மறுபடி ஒருமுறை காட்டச் சொல்வார்கள். கூழ் முழுக்கப் பிரிந்து முடியும்வரை புதிய கிழிசல் வரலாம் என்பதால் அந்த இரண்டாம் தடவையைத் தவறவிடக் கூடாது.

கிழிசல் இருந்து, விழித்திரை இன்னும் உரியவில்லை என்றால் லேசர் போதும். கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சுட்டு வேலி போடுவார்கள்; படுக்கை தேவையில்லை. வேலி இறுகிப் பிடிக்க ஏறத்தாழ இரண்டு வாரம்.

வெறும் பூச்சிக்கு வைத்தியம் தேவையில்லை. கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. அன்னாசிப் பழம் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் அதை நம்பித் தட்டுத்தட்டாகச் சாப்பிட்டால் வேறு வினை வரும். கண்ணில் தேன் விடுவது, நெற்றிக்குத் தேய்த்த நீலகிரித் தைலக் கையோடு கண்ணைக் கசக்குவது இரண்டும் கருவிழியைப் புண்ணாக்கும். படிக்கும்போது ஒரு பூச்சி நடுவில் வந்து நின்றால் கண்ணை இரண்டு மூன்று முறை மேலும் கீழும் அசையுங்கள். கூழ் சுழன்று அதை ஓரம் கட்டும். மூடுபனி நாளில் கூலிங் கிளாஸ் போட்டால் பாவை கொஞ்சம் விரியும், நிழல் மங்கும். காசில்லாமல் இவ்வளவு பலன் தருவது வேறில்லை.

கூழையே வெட்டி எடுக்கும் விட்ரெக்டமி என்ற அறுவை இருக்கிறது. பூச்சிக்காக அதைச் செய்துகொள்வது அரிதினும் அரிதாகத்தான் நியாயம். கண்புரை சீக்கிரம் வரும், விழித்திரை கிழியலாம், தொற்று உண்டாகலாம். நல்ல பார்வை உள்ள கண்ணைப் பணயம் வைக்கும் காரியம்.

விழித்திரை விலகலுக்கு அறுவை செய்துகொண்ட மலைவாசிகளுக்கு

விழித்திரை உரிந்துவிட்டால் அறுவைதான். நீலகிரியிலிருந்து பெரும்பாலும் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். அறுவை முடிவில் விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுக்குமிழ் வைப்பது வழக்கம். அந்தக் கண்ணில் இப்போது காற்றடைத்த இடம் இருக்கிறது; உயரம் இனி விஷயமாகிறது.

கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர், ஊட்டி 2,240. இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது; குமிழ் கால் பங்கு விரியப் பார்க்கும். கண் உருண்டை விரிந்துகொடுக்காது. உள்ளழுத்தம் ஏறி, விழித்திரைக்கு ரத்தம் போவதே தடைபட்டு, கடும் வலியோடு பார்வை நிரந்தரமாகப் போகக்கூடும். குன்னூரும் கோத்தகிரியும் இதற்கு விதிவிலக்கல்ல. ஐந்து மணி நேரம் போல ஊர்ந்து ஏறும் மலை ரயிலில் போனால் பரவாயில்லையா என்றால், இல்லை. ரயிலும் அதே உயரத்தில்தான் கொண்டுபோய் விடுகிறது. விமானப் பயணத்தைத் தடுப்பதும் இதே காரணத்தால்தான். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியின் அளவுக்குக் குறையும்.

எனவே அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே சமவெளியில் தங்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையமோ காரமடையோ சொந்தக்காரர் வீடோ எதுவானாலும் சரி. வெறும் காற்று என்றால் ஒரு வாரம் போல, எஸ்.எஃப்.6 என்ற வாயு என்றால் இரண்டு வாரத்துக்கு மேல், சி3எஃப்8 என்றால் 6 முதல் 8 வாரம். குமிழ் சுருங்குவதை நோயாளியே பார்க்கலாம்: தளும்பும் நீர்மட்டக் கோடு ஒன்று நாளுக்கு நாள் கீழே இறங்கும், கடைசியில் பார்வையின் அடியில் சிறு குமிழாகி மறையும். மறைந்த பிறகும் மருத்துவர் பார்த்துச் சொன்னால்தான் மலையேற வேண்டும். இடையில் வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் கண்ணில் வாயு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நைட்ரஸ் ஆக்சைடும் குமிழைப் பெருக்கிவிடும். சிலருக்கு வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைப்பார்கள். அது உயரத்தில் விரியாது, ஊருக்குத் திரும்பத் தடையில்லை. உங்களுக்கு வைத்தது எது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.